அம்மா பெயரில் மாத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

விமானம் ஓட்டும்போது எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னதும், என்னோடு பறக்கும் கேப்டன் ராடோஸ்லாவ் சிரித்தார். "பைலட்டுக்கு ரெண்டு டாக்டர் வேணும், பொண்ணே. ஒருத்தர் நோய்க்கு, ஒருத்தர் லைசென்சுக்கு. ரெண்டு பேரும் சந்திக்கவே கூடாது."

நீங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள். "அம்மா பேர்ல மாத்திரை வாங்கிக்க. உன் பேரு எங்கயும் பதிவாகக் கூடாது. நம்ம வீட்லயே மொதல்ல படிச்சவ நீ. வாயத் தொறந்து கெடுத்துக்காத."

இன்று லைசென்சுக்கான மருத்துவப் பரிசோதனையில் வாயைத் திறந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பறக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். குணமானதும் மறுபடி பரிசோதனைக்குப் போய் நிற்பேன், விடமாட்டேன்.

வர்னா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது, கண் மங்கியதும் தாமாகவே அதை விட்டு இறங்கியவர் நீங்கள். "கீழ ஆள் நிக்குது" என்றீர்கள். என் பின்னால் நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பா.

மாத்திரை வாங்கிவிட்டேன். என் பெயரில்தான்.

உங்கள் மகள்