செவலையைத் திருப்பிய விசில்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போனதிலிருந்து அப்பா உன் பேரை எடுப்பதில்லை. நரி வேட்டைக்கும் போகவில்லை. இன்று விடியும் முன் நம் நாய் செவலையை அவிழ்த்தார். துணைக்கு நான் போனேன். பிடுங்கிப் போட்ட கடலைச்செடி வாசம் உன் சட்டை வாசம் போலவே இருந்தது.

புத்தகத்து நரியைவிட நிஜ நரி ரொம்பச் சின்னது, அண்ணா. அது எரியோடு ஊருக்குப் போகும் ரோட்டைப் பார்த்து ஓடியது. பின்னால் பாய்ந்த செவலை, அப்பா எவ்வளவு கத்தியும் நிற்கவில்லை. ரோட்டில் லாரி வெளிச்சம் தெரிந்தது. பயத்தில், நீ கூப்பிடுவதுபோல் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன். செவலை திரும்பிவிட்டது.

அப்பாவும் திரும்பினார். "ஏலே அப்பு, வந்துட்டியா?" என்றார், இருட்டைப் பார்த்து.

"நான்தான்ப்பா."

"பொம்பளப்பிள்ளைக்கு விசிலு என்ன வேண்டிக்கெடக்கு?" என்று திட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "இன்னொருக்கா அடி தாயி" என்றார்.

உன் தங்கச்சி