தூரம் பார்க்கும் குழாய்

இன்று காலை நம் மகன் வீட்டைக் காலி செய்யும்போது, உங்கள் தூரம் பார்க்கும் குழாயை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினான். "அம்மா, இதையும் பத்து காவான் புது வீட்டுக்கு ஏத்தணுமா?" அதன் தோல் உறையில் உங்கள் தலை எண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. கையில் வாங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பழைய சாமான் சந்தையிலிருந்து கை நீளத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் மாடி ஏறி வந்த அன்று, உங்களை நான் சும்மா விடவில்லை. சன்னலில் நின்று பார்த்தால் கடலில் போகும் ஃபெரியின் புகைக்கூண்டு நடுவில் வெட்டுப்பட்டு, மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி ஒரு பக்கமுமாகத் தெரிந்தது.

"ஒண்ணு ரெண்டா தெரியறதுக்கு இது எதுக்குங்க? ரெண்டு கிளாஸ் சம்சு சாராயம் போதும்லா" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. என் கட்டை விரலை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மாற்றி மூடச் சொன்னீர்கள். விரல் இடமும் வலமும் தாவியது. "கிட்ட இருக்கிறது நெறய தாவும், தூரத்துல இருக்கிறது கொஞ்சமா தாவும். இந்தக் குழாயோட ரெண்டு முனையும் ரெண்டு கண்ணு மாதிரி. சக்கரத்தத் திருப்பி ரெண்டு பாதியையும் ஒட்ட வை. திருப்பின அளவ வச்சு அதுவே தூரத்தச் சொல்லிடும்."

அதன் பிறகு, அக்கரையில் மாக் மண்டினில் வேலை முடிந்து நான் ஃபெரியில் திரும்பும் மாலைகளில், கப்பல் வரும் தூரத்தை அளந்து பார்த்து அடுப்பில் தண்ணீர் வைப்பீர்கள். நான் செருப்பைக் கழற்றும்போது தேநீரில் ஆவி பறக்கும்.

"வாட்ச்மேன் உத்தியோகம் நல்லாத்தான் பாக்குறீங்க."

"சம்பளந்தான் வரல."

நோய் முற்றிப் படுத்த பிறகு இதைத் தூக்க உங்கள் கையில் தெம்பில்லை. ஒரு நாள் உங்களைச் சிரிக்க வைக்க நினைத்து, கட்டிலுக்கு எதிரே நின்று குழாயை உங்கள் பக்கமே திருப்பினேன். உள்ளே உங்கள் முகம் மங்கலாக, இரண்டு துண்டாக நின்றது. சக்கரம் முடியும் வரை திருப்பியும் ஒட்டவில்லை.

"கெட்டுப்போச்சுங்க இது. உங்க மூஞ்சி அதுக்குப் பிடிக்கல போல."

"கெடல. இவ்ளோ கிட்ட இருக்கிறத அதால அளக்க முடியாது." மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டீர்கள்: "நான் கொஞ்சம் தள்ளிப் போகட்டுமா?"

குழாயை வைத்துவிட்டு வந்து, உங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

மகனிடம் இதையும் ஏற்றச் சொல்லிவிட்டேன். அங்கே சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தானாம். எனக்கென்று ஒற்றைக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறான். அதிலும் நான் ஓரமாகத்தான் படுப்பேன்.