மணையில் வைத்த போன்

திருவெள்ளறை

அன்பு மகன் கலையரசனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகமா இருக்கோம், ஜப்பான் குளிர்ல நீயும் சுகமா இருக்கணும்னு செந்தாமரைக்கண்ணப் பெருமாளை வேண்டிக்கிறேன். பாப்பா காதுகுத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு கேட்ட, போன்ல சொன்னா பாதி காத்துல போயிரும், அதான் எழுதுறேன். உன் தங்கச்சி இளவேனில், மாப்பிள்ளை அரவிந்தன், அவங்க அண்ணன் செந்தமிழன், பக்கத்து வீட்டுக் காளியாயி, ஸ்ரீரங்கத்து ஆசாரி, காது குத்திக்க வேண்டிய அறிவுமதிக் குட்டி, நான். அப்புறம் நான் கூப்பிடாம, உன் தங்கச்சி கூப்பிட்டு வையம்பட்டியில இருந்து வந்த என் தம்பி ரங்கசாமி. நீ வந்தும் வராத மாதிரி இருந்ததால உன்னைச் சேர்க்கலை.

தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும், நீயோ அந்த வாரம்தான் நம்ம பக்கத்து டவரை எல்லாம் மாத்துறோம், நான் இங்க உக்காந்து பார்த்தாகணும்னுட்ட. டவரடியில பீரோ மாதிரி நின்ன பெட்டிகளை லாரியில ஏத்தினப்ப ஊரே டவரைப் பிடுங்குறாங்கன்னு கூடிருச்சு. நீ சொன்னதை நான்தான் அவங்களுக்குச் சொன்னேன், இது வரைக்கும் ஒரு கம்பெனி செஞ்ச தனிப் பெட்டிதான் எல்லா வேலையும் செஞ்சுது, இனிமே திருச்சியில ஒரு ரூம்ல சாதாரண கம்ப்யூட்டர் நிக்கும், என் மகன் எழுதுன புரோகிராம் அதுல ஓடி இந்த டவரை நடத்தும்னு. உங்கப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்த மழையில அந்தப் பெட்டி எரிஞ்சு, வேற பெட்டி வர்ற வரைக்கும் உனக்குச் சேதி சொல்ல முடியாம நான் ரோட்டுல நின்னேனே, அதை மனசுல வச்சுத்தான் முதல்ல நம்ம ஊரை மாத்தணும்னு நீ நின்னேன்னு எனக்குத் தெரியும்.

அன்னைக்கு விடியக்காலை முகூர்த்தம். மணையில உனக்கு எடுத்த வேட்டியை மடிச்சுப் போட்டு, மேல தேங்காயில சாச்சு போனை வச்சோம், நீ சிரிச்ச, பாப்பாவும் கையை நீட்டுச்சு. ஆசாரி ஊசியை எடுத்ததும் உன் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்னு போச்சு, அப்புறம் அதுவும் இல்லை. செந்தமிழன் சும்மா இருப்பானா, மச்சான் செஞ்ச டவர் மச்சானையே கவுத்திருச்சேன்னு சிரிச்சான். ஆசாரி நேரம் போகுதும்மாங்கிறார், உன் தங்கச்சி கண்ணைத் துடைக்கிறா, நான் கொஞ்சம் பொறுங்க, வந்துருவான் வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அப்பதான் ரங்கசாமி எந்திரிச்சு வந்து, போனை எடுத்து என் கையில கொடுத்துட்டு, தாயோட மாமன் இருக்கேன்ல, கொண்டான்னு பாப்பாவை வாங்கி மடியில வச்சுக்கிட்டான். நான் போனைக் கையில வச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னேன். குத்தி முடிச்சு, அழுத பிள்ளைக்குச் சர்க்கரை கொடுக்கையில போன்ல நீ வந்துட்ட. அவன் மடியில பிள்ளையைப் பார்த்ததும் மாமான்னு சொன்ன. அவன் உன்னைப் பார்த்து, உங்கம்மாகிட்ட சொல்லுடா மாப்ள, ஒரு தடவை உக்காந்துட்டேன்னு, அப்படின்னான். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

அப்புறம் நீ விவரம் சொன்ன, விடியக்காலையில யாரும் பேசுறதில்லைன்னு கரண்டை மிச்சம் பண்ண புரோகிராம் டவர்ல பாதியைத் தூங்க வச்சிருச்சு, அன்னைக்குன்னு பார்த்து ஊர் முழுக்கக் கல்யாணம், எல்லாரும் ஒரே நேரத்துல போனைத் தூக்க தாங்கலைன்னு. யாரும் மேல ஏறாம அங்க இருந்தே எழுப்பி விட்டேன்னு சொன்னதுல எனக்குப் பெருமைதான். முகூர்த்த நாளுன்னா என்னன்னு அதுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாத்தானே தெரியும், ஒரு பஞ்சாங்கம் வாங்கி அதுக்குள்ள ஏத்திடு. நீ வராததுல எனக்குக் கோபம் இருந்துச்சு, இப்ப இல்லை, நீயும் அதையே நினைச்சுக்கிட்டு சாப்பிடாம இருக்காத.

நீ நோய்நொடி இல்லாம, கைத்தொழில் விளங்கி நல்லா இருக்கணும். அந்த வேட்டி உனக்குத்தான், யாருக்கும் கொடுக்கலை, ரங்கசாமி உக்காந்த சுருக்கத்தோட பெட்டியில இருக்கு. வந்து கட்டிக்க.

இப்படிக்கு
உன் அம்மா
ராக்கம்மாள்

மடிச்சு வச்ச கடுதாசியைத் திரும்பப் பிரிக்க வச்சுட்டா காளியாயி. மகன் மேல இருந்த கோபத்தை விட்டுட்ட, தம்பி மேல இருக்கிறதையும் விட்டுடேன்கிறா. உனக்கும் எனக்கும் நடுவுல கடல் கிடக்கு, நீ வர முடியலை. உன் காதுகுத்து அன்னைக்கு மாமன் மடி இல்லாம நீ எங்கப்பா மடியில கத்தினப்ப, அவன் மணப்பாறைச் சந்தையில மாட்டுக்குப் பல்லு பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான், அங்க இருந்து திருச்சிக்குப் பஸ் ஓடாமலா இருந்துச்சு? பாப்பாவுக்கு மடி கொடுத்ததுக்கு இலை போட்டுக் கறிச்சோறு போட்டேன், ரெண்டாவது தடவையும் நானே பரிமாறினேன். அது வேற. நான் மன்னிக்காத ஆள் இன்னமும் ஒருத்தன்தான், ரங்கசாமி.