உட்கார்ந்து ஒரு வேளை

அன்பு மனைவிக்கு,

உன் லிஃப்ட்காரன் எழுதிக்கொள்வது. போனை நீ எடுப்பதில்லை; எடுக்கச் சொல்லவும் இல்லை. கடிதமென்றால் வேண்டும்போது படிக்கலாம், வேண்டாமென்றால் மடித்து வைத்துவிடலாம்.

வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. பால்கனிக் கதவின் கொக்கியைச் சரிசெய்துவிட்டேன். உன் செடிகளில் இரண்டு பட்டுப்போயின, மற்றவை பிழைத்துக்கொண்டன.

ஒரு செய்தியை மற்றவர் வாயால் நீ கேட்கக் கூடாது. ஒரு வாரமாக நான் வேலைக்குப் போகவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பழுதுபார்க்கப் போனபோது, சுவிட்சை அணைக்காமலேயே லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டேன். பதினாறு வருஷத்தில் ஒருநாளும் மறந்ததில்லை. மேலே யாரோ பொத்தானை அமுக்க, லிஃப்ட் கீழே வந்தது. கூட்டாளி ஓடிவந்து நிறுத்தினான். தலைக்கு மேல் ஒரு முழம்தான் இருந்தது. அவன் கத்தித் தீர்த்தான், நான் ஸ்பானரைக் கேட்டுக் கையை நீட்டினேன். அதைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் பயந்துபோனார். "மூணு மாசமா நீ உக்காந்து சாப்பிட்டு நான் பாக்கலப்பா. வீட்டுக்குப் போ, ஒரு வேளையாவது ஒழுங்கா சாப்பிட்டுட்டு அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு அடுப்பையே பற்றவைக்கவில்லை. பார்சலைப் பிரிப்பேன், போனைப் பார்த்துக்கொண்டே நின்றபடி முடிப்பேன். ஃபிரிட்ஜ் முழுக்கப் பிரிக்காத சாஸ் பொட்டலங்கள்தான்.

அவர் அனுப்பிய மறுநாள் அரிசி டப்பாவைத் திறந்தால் ஒரே வண்டு. பேப்பரில் கொட்டி, பால்கனி வெயிலில் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு காலை முழுக்க அதற்கே சரியாகப் போனது. அன்றைய சோறு களியாகிவிட்டது. அடுத்த நாள் அடிப்பிடித்தது. எதிர்வீட்டு டெய்லரம்மா கதவைத் தட்டி, "உள்ள ஆள் இருக்கீங்களா? இப்படித் தீயுதே" என்றார். நான் அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். வாசனை தெரியவில்லை.

மூன்றாம் நாள் சோறும் தக்காளி போட்ட பருப்பும். போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே உப்புக் கரித்தது, இரண்டு தடவை போட்டிருக்கிறேன் போல. மூன்று மாதத்தில் என் நாக்குக்குத் தெரிந்த முதல் ருசி அதுதான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, மெதுவாக மென்று முழுவதும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து தினமும் ஒரு வேளையாவது சமைக்கிறேன்.

அன்றைக்கு, நம் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிள்ளை போய்விட்டதைச் சொல்ல நீ வந்தபோது, என் மடியில் பார்சல் பிரித்துக் கிடந்தது, கை சோற்றில் இருந்தது. "உங்களுக்கு எப்படிங்க இறங்குது?" என்றாய். இறங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பதினோரு நாளும் வராந்தா பெஞ்சில்தான் இருந்தேன், பசித்தது, சாப்பிட்டேன். ஆனால் அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அதன் பிறகு தின்றது எல்லாமே அப்படித்தான் போனது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. கேட்டாய், சொல்கிறேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இனி கூட்டாளி சுவிட்சைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் இறங்க வேண்டுமாம். சரி என்றேன்.

திரும்பி வா என்று எழுதக் கூடாது என்ற தீர்மானத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

மச்சான் நேற்றுப் பேசினார். தட்டில் கைவைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாயாம், உன் வளையல்கள் முழங்கைவரை ஏறுகின்றனவாம். அண்ணியிடம் கொஞ்சம் ரசமாவது கேட்டு வாங்கி, பிசைந்து சாப்பிடு. பச்சை உடம்பு ஆறவே இன்னும் நாளாகும் என்று டாக்டர் சொன்னாரே. என் மேல் இருக்கிற கோபத்தைக் குறைக்க வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கணவன்