நீக்கச் சொன்ன ஒன்பது பேர்

பிப்ரவரி 4

முனைவர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வழியிலேயே முதுகலைப் பட்டமும் கிடைக்கும், ஆய்வேடு தேறினால். முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் வழிகாட்டி பேராசிரியர் ஹாலிஸ் வார்னர், தாய்மார்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நான் எடுத்த முடிவுகளைப் பார்த்தார். “இந்த ஒன்பது அம்மாக்களைக் கணக்குலேருந்து எடுத்துடு, ரெனாட்டா. யோசிக்காம பதில் சொல்லியிருக்காங்க.”

எடுத்தால், இரவு வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பதற்றம் அதிகம் என்று வரும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சொல்லிவருவது அதைத்தான். எடுக்காவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

யோசிக்காமலா? அதில் ஒருத்தி வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், பனியில் இரண்டு பேருந்து மாறிப் பதில் எழுத வந்தாள்.

பிப்ரவரி 5

எடுக்கவில்லை.

பிப்ரவரி 20

“முதுகலைங்கறது போற வழியில குடுக்கற காகிதம். இதுக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா?” என்கிறார் வார்னர்.

காகிதம்தானே? அப்போ கையெழுத்தைப் போட்டுத் தொலைய வேண்டியதுதானே. தேர்வுத் தேதியை ஏன் தள்ளிக்கிட்டே போறாரு?

கூடப் படிக்கும் டூயி, “அந்த ஒன்பது பேரை நீக்கிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப் போகுது?” என்றான். எனக்குத் தெரியுமே. எங்கம்மா இருபது வருஷம் ராத்திரி ராத்திரியா ஆஸ்பத்திரித் தரையைத் துடைச்சா. அவளையும் சேர்த்து அழிக்கவா?

மார்ச் 3

தேர்வுக் குழுவில் இருக்கும் பேராசிரியர் ஓக்கர்லுண்டிடம் தாய்மார்கள் எழுதிய எல்லா விடைத்தாள்களையும் கொண்டுபோனேன். ஒரு மணி நேரம் படித்தார். “ஏன் எடுக்கணும்னு அவரை எழுதிக் குடுக்கச் சொல்லு,” என்றார் அந்த அம்மாள். வார்னருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

மார்ச் 12

பதில் இல்லை. தேர்வுத் தேதி மட்டும் வந்தது. கோழை.

ஏப்ரல் 8

இரண்டு மணி நேரம் வாய்மொழித் தேர்வு. கடைசியில் வார்னர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “உங்கம்மா என்ன வேலை பாத்தாங்க?”

என்ன மனுஷன் இவரு. மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓக்கர்லுண்ட் தலையை நிமிர்த்தவில்லை. “உங்கம்மா என்ன வேலை பாத்தாங்க, ஹாலிஸ்?” என்றார்.

அதன் பிறகு கேள்விகள் இல்லை. வார்னரும் கையெழுத்திட்டார். வெளியே வந்ததும் என்னிடம், “அடுத்த வருஷம் என் ஆய்வகத்துல உனக்கு இடம் இல்ல.”

மே 21

முதுகலைப் பட்டம் தபாலில் வந்தது. அம்மா ஃபோனில், “அப்போ நீ டாக்டரா?”

“இன்னும் இல்லம்மா. பாதி வழி.”

செப்டம்பர் 2

மின்தூக்கியில் வார்னரும் நானும் மட்டும். பழக்கத்தில், எனக்கும் சேர்த்தே அவருடைய ஆய்வகம் இருக்கும் ஐந்தாம் மாடியை அழுத்தினார். நான் கை நீட்டி மூன்றை அழுத்தினேன்.

கதவு திறந்தது. ஓக்கர்லுண்டின் ஆய்வகத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மேசை ஜன்னலோரம்.