நாற்பத்தைந்தாவது நிமிடம்

மார்ச் 4, 2025

நோன்பு மாதம். பல்கலைக்கழகக் கேண்டீன் பகலில் மூடியிருக்கிறது. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு திரையை முறைத்தேன்.

சொந்த ஊர் லாபிஸிலிருந்து அம்மா போன். “செபா ஏம்மா வீட்டுப் பக்கமே வரல? ஆகஸ்ட்ல நிச்சயத்த வச்சிக்கிட்டு...”

“அவனுக்கு வேல லா, அம்மா.”

பொய். செபஸ்தியன் என்னோடு பேசி ஏழு வாரமாகிறது.

மார்ச் 6

ஆய்விதழுக்கு அனுப்பிய எங்கள் கட்டுரையைப் பரிசீலித்தவர் கேட்டு எழுதியிருக்கிறார்: முப்பதாவது நிமிடத்துக்கும் அறுபதாவது நிமிடத்துக்கும் நடுவில் ஏன் அளக்கவில்லை?

அளந்தோம் ஐயா. செபா அளந்தான். நான்தான் அழித்தேன்.

செல்லின் மேல் ஹார்மோனை ஊற்றினால் உள்ளே ஒரு புரதம் விழித்துக்கொள்ளும். அதுவே தன்னை அடக்க இன்னொரு புரதத்தையும் உண்டாக்கும். லேப்பில் செபா அதை அளப்பான். என் சமன்பாடுகள் அதே ஏற்ற இறக்கத்தைக் காட்ட வேண்டும். என் கோடு ஏறியது, கொஞ்சம் தணிந்தது, சமமாக நின்றது. அவனுடைய நாற்பத்தைந்தாவது நிமிடப் புள்ளி மட்டும் அடியில் கிடந்தது. டாக்டர் ஜெயபாலன்தான் எங்கள் இருவருக்கும் மேலதிகாரி. அவர் எதிரில், செபாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்: “செபாவுக்குக் கை தவறியிருக்கும் சார்.”

எவ்வளவு சுலபமா வாயில வந்துச்சி! ஜனவரியில் அவனுடைய கான்ட்ராக்ட் முடிந்தது. டாக்டர் புதுப்பிக்கவில்லை. அவன் சண்டைகூடப் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மார்ச் 7

என் கோடு சரியாகத்தான் இருக்கும். இருக்கணும்.

மார்ச் 11

அடக்கும் புரதம் அந்த நொடியே வந்துவிடும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அட மடச்சி, அதை உண்டாக்கச் செல்லுக்கு நேரம் ஆகாதா?

தாமதத்தைச் சமன்பாட்டில் சேர்த்து ஓட்டினேன். கோடு ஏறியது. தடாலென்று விழுந்தது. மறுபடி ஏறியது. விழுந்த இடம் நாற்பத்தைந்து. அழித்த ஃபைலை மீட்டு அவன் புள்ளியைப் போட்டுப் பார்த்தேன். கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அலமாக், ஐயையோ.

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவனுக்குக் கை தவறல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சி. ஒரு வார்த்த அவன்கிட்ட கேட்டிருந்தா என்ன? வாய் வெந்தா போயிருக்கும்?

மார்ச் 12

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். “தப்பு என்னுது சார். அவன் மேல போட்டுட்டேன்.”

“நீ அவ்ளோ உறுதியா சொன்னியேம்மா,” என்றார். பிறகு, “நானும் அவன் நோட்ட வாங்கிப் பாத்திருக்கணும்,” என்றார். அவரே செபாவை வேலைக்குக் கூப்பிடப் போகிறாராம்.

மார்ச் 15

செனாய்க்குப் போனேன். செபா இப்போது ஒரு கையுறை ஃபேக்டரியில் தரம் பார்க்கிறான். இடைவேளையில் வெளியே வந்தான். இளைத்திருக்கிறான். எதிர்க்கடையில் உட்கார்ந்தோம். ஒன்று விடாமல் சொன்னேன். முடித்த பிறகு அவன் சொன்னான்:

“மூணு நாளு தனித்தனியா செஞ்சேன். மூணு தடவையும் அதே எடத்துலதான் விழுந்துச்சி. எல்லாம் நோட்டுல இருக்கு. நீ வந்து பாப்பேன்னு நெனச்சேன்.”

“மன்னிச்சிரு, செபா.”

“மன்னிச்சிட்டேன். அது பெரிய காரியமில்ல.” தேத்தண்ணீரை வெறுமனே கலக்கிக்கொண்டிருந்தான். “ஆனா இனிமே உங்கிட்ட எதையாச்சும் காட்டுறப்ப எனக்குக் கை நடுங்கும். அத என்ன செய்ய?”

மணியடித்ததும் உள்ளே போய்விட்டான்.

மார்ச் 28

ஏப்ரலில் லேப்புக்குத் திரும்பி வருகிறானாம்! அம்மாவுக்கு நானாகவே போன் போட்டு, ஆகஸ்ட் தேதி அப்படியே இருக்கட்டும் என்றேன். பாவி மனசு, இதுக்கே குதிக்குது.

ஏப்ரல் 9

“காலை வணக்கம்” என்றான். நானும் சொன்னேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 24

புது அளவுகள் வந்தன. முப்பதிலிருந்து அறுபது வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்திருக்கிறான். நாற்பத்தைந்தில் இறக்கம், சந்தேகத்துக்கே இடமில்லை. கட்டுரை தேறிவிடும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் அவன் கையெழுத்து. அதற்குக் கீழே பக்கத்து மேசை மாணவி பிரேமலாவின் கையெழுத்து: “நேரில் பார்த்தேன்.” பதினெட்டுத் தாளிலும்.

சாட்சி வைக்கும்படி தான் சொல்லவில்லை என்றார் டாக்டர். பிரேமலாவைக் கேட்டேன்.

“செபா அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சாரு அக்கா. எல்லாத்துக்கும் இல்ல. உங்களுக்கு அனுப்புற தாளுக்கு மட்டும்.”

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். நிச்சயம் வேண்டாம் என்றேன். செபா என்ன செய்தான் என்று அம்மா கத்தினார். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன்.