மலையில் என் பெயர் பவித்ரா

ராசிங்காபுரம்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு இரவு

அன்பு அக்காவுக்கு,

நீ எழுதியது என் வகுப்புத் தோழி ஷெர்லின் கையில் வந்து சேர்ந்தது. இனியும் போடியில் அவர்கள் கடை முகவரிக்கே எழுது. அவள் அப்பா எதுவும் கேட்க மாட்டார். "யாருடி இந்தக் காலத்துல லெட்டர் போடுறது, மாப்பிள்ளையா?" என்று அவள்தான் கேட்டுச் சிரித்தாள்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் நீ சென்னைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் வீட்டில் உன் பெயரை யாரும் சொல்லக் கூடாது. போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா இருமினால் நிறுத்திவிடுகிறேன். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

தோட்டத்தில் என்ன செய்கிறோம் என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டு மேல்படிப்புக்கு உதவித்தொகை கேட்கிறவளுக்கு ஏலக்காய்க் காட்டைப் பற்றி எதற்கு என்று புரியவில்லை. இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாட்களிலும் அம்மாவோடு போகிறேன். விடியுமுன் முத்துக்கண்ணன் அண்ணன் ஜீப்பு வந்துவிடும். மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது வளைவுக்கு வளைவு ஒருத்தி மடியில் ஒருத்தி விழுவோம். "ஆத்தா, உன் எலும்பு என் வயித்துல குத்துது. நாலு வாய் சோறு கூடத் தின்னு" என்று பொட்டிபுரத்து ஆயம்மாள் அத்தை என்னை ஏசுவாள். மேலே மழை விடுவதே இல்லை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பது இல்லை அக்கா, அடியில் மண்ணோடு கிடக்கும் சரத்தில்தான். நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சு வந்துவிட்டால் ஏச்சு. சாயங்காலத்துக்குள் நகக்கண் கறுத்துவிடும். திங்கட்கிழமை வகுப்பில் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. கோபிக்காதே. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் உன் ஆதார் நகலைக் கொடுத்துத்தான் அம்மா என்னைச் சேர்த்துவிட்டாள். மலையில் என் பெயர் பவித்ரா. சூப்பர்வைசர் மலையாளத்துக்காரர், மகளே என்பதை "பவித்ரா மோளே" என்கிறார். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்கு நான் திரும்பும்போது நீ எனக்குப் பின்னால் நிற்கிற மாதிரியும் இருக்கும்.

அப்பா புரண்டு படுக்கிறார். முடிக்கிறேன்.

உன்,
ஜோதி


சென்னை
28 ஆகஸ்ட் 2025

என் ஜோதிக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸிலேயே படித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் பெயரில் நீ மழையில் குனிந்து நிற்கிறாய் என்பதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. உன்மேல் கோபம் எதற்கு? எனக்கு என் மேல்தான்.

எதற்குக் கேட்டேன் என்று சொல்கிறேன். அந்த விண்ணப்பத்தில் மதிப்பெண், சான்றிதழ் எல்லாம் போக, நம்மைப் பற்றி நாமே ஒரு கட்டுரை எழுத வேண்டும். நீ யார், இந்தப் படிப்பு உனக்கு எதற்கு என்று இரண்டு பக்கம். பூச்சிமருந்து மண்ணில் எத்தனை காலம் தங்குகிறது என்பதுதான் நான் படிக்கப்போவது. என் ஆய்வகம், என் பரிசுகள் என்று எழுதி ஜெகதீஷ் அண்ணனிடம் காட்டினேன். இதே உதவித்தொகையில் போய்ப் படித்து வந்தவர் அவர். "இதை யாரு வேணாலும் எழுதலாம்மா. இதுல நீ எங்க இருக்க?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று தடவை எழுதியும் அதே பதில்தான்.

பிறகு உன் கடிதத்தை வைத்து எழுதினேன். நான் ஜீப்பில் போனதாக, நான் காய் எடுத்ததாக. ஜெகதீஷ் அண்ணன் டீயை ஆறவிட்டுப் படித்தார். "இப்பத்தான் நீ தெரியிற" என்றார்.

அதைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் இருப்பது என் பெயர்தானே ஜோதி. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. "பவித்ரா இங்கே வேலை பார்த்தாள்" என்று சூப்பர்வைசரிடம் ஒரு சான்று வாங்கி அனுப்ப முடியுமா? உனக்குப் பயமாக இருந்தால் வேண்டாம். அம்மா கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அக்கா


ராசிங்காபுரம்
14 செப்டம்பர் 2025, ஞாயிறு இரவு

அன்பு அக்காவுக்கு,

சான்று இத்துடன் இருக்கிறது. "எதுக்கு மோளே, கல்யாணத்துக்கோ?" என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் சீல் போட்டுக் கொடுத்தார். மை காய்வதற்குள் மடித்து மறைத்துக்கொண்டேன்.

உன் கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. நான் எழுதியதைவிட மழை நன்றாகப் பெய்தது. அட்டைப்பூச்சியைக்கூடச் சேர்த்திருந்தாய், அதை நான் சொல்லவே இல்லை.

கடைசிப் பத்தியில், "எனக்கு ஒரு தங்கை. அவள் கை கறுக்காமல் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் மலை ஏறினேன்" என்று வருகிறதே, அந்த இடத்தைப் பல தடவை படித்தேன். எனக்கு அந்தத் தங்கையைப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்குக் குளித்துவிட்டு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். அக்கா எப்போது வருவாள் என்று வாசலைப் பார்ப்பாள், அக்காவும் சாயங்காலம் வந்துவிடுவாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

நீ அனுப்பிவிடு. நடந்ததை நடந்தபடி எழுதிவிடாதே. வயது குறைந்தவளை வேலைக்கு வைத்தது தெரிந்தால் அம்மாவையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். ஒன்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். நானும் ஒருநாள் இந்த மாதிரி இரண்டு பக்கம் எழுத வேண்டி வரலாம் இல்லையா. அப்போது நான் எதை எழுதுவேன்? உன்னைக் குறை சொல்லவில்லை. சும்மா கேட்டேன்.

அம்மா கால் பரவாயில்லை. அம்மாவைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் சொல்லக் கூடாத பெயரை அவள் மலையில் நாள் முழுக்கச் சொல்கிறாள். "பவித்ரா, தண்ணி குடிச்சியா." "பவித்ரா, வெரசா வா, ஜீப்பு வந்துருச்சு." நான் கை எட்டும் தூரத்தில் நிற்கும்போதே சத்தமாகக் கூப்பிடுகிறாள். சூப்பர்வைசர் காதில் விழட்டும் என்றுதான் கூப்பிடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அவர் லீவில் இருந்த நாளிலும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

நீ இன்னும் தூரம் போகப்போகிறாய் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவா?

உன்,
ஜோதி


சென்னை
5 அக்டோபர் 2025

என் ஜோதிக்கு,

சான்றைக் கிழித்துவிட்டேன். பயந்துகொண்டே நீ வாங்கி வந்ததைக் கிழித்ததற்கு மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த பிறகு அந்தக் கட்டுரையை என்னால் படிக்க முடியவில்லை. அந்தத் தங்கை நான்தான் ஜோதி. வீட்டில் உட்கார்ந்து படித்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அம்மா என்னை ஒரு நாள்கூட ஜீப்பில் ஏற்றவில்லை.

அதையே எழுதினேன். அம்மா மலையிலிருந்து வந்ததும் நான் ஓடிப் போவேன். "தொடாத, மேலெல்லாம் மருந்து" என்று கையை உயர்த்திக்கொண்டு பின்னால் போவாள். அவள் குளித்து, சேலையைத் தனியாக அலசி முடிக்கும்வரை நான் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ அப்போது கைக்குழந்தை. பாலுக்கு அழுவாய். அப்போதும் குளிக்காமல் உன்னை எடுக்க மாட்டாள். அம்மா கையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் யோசித்தது அங்கேதான். இத்தனை வருடம் படித்ததும் அதைத்தான். ஆய்வகம் ஆய்வகம் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

உன்னைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பயத்தினால் இல்லை. மலை உன்னுடையது. என்றைக்காவது எழுதினால் நீ எழுது.

ஜெகதீஷ் அண்ணன், "மழை இல்லாம கொஞ்சம் காய்ஞ்சு கிடக்கு" என்றார். கிடக்கட்டும் என்று நேற்று அனுப்பிவிட்டேன். மார்ச்சில்தான் தெரியும். கிடைக்காமலும் போகலாம்.

அம்மாவிடம் சொல். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவள் கூப்பிடுகிறாள் என்று நீ எழுதிய பத்தியை மட்டும் தனியாக வெட்டிப் பர்சில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ராசிங்காபுரம்
23 நவம்பர் 2025, ஞாயிறு இரவு

அன்பு அக்காவுக்கு,

போன வாரம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. இன்று என் ஆதாரையே கொண்டுபோனேன். சூப்பர்வைசர் ஒன்றும் தெரியாதவர் போலப் புதுப் பெயரைப் பதிந்துகொண்டு, "நாகஜோதி" என்று உரக்கக் கூப்பிட்டார். எனக்கே அது வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஆயம்மாள் அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "அடியே, அப்ப இத்தனை நாளா எங்ககூடக் காய் எடுத்த பவித்ரா யாரு? பேயா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சரத்தில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "பவித்ரா என் மூத்த மக. மெட்ராஸ்ல சோலி பாக்குறா. மேல படிக்க வெளிநாட்டுக்குப் போகப் போறா."

நீ விண்ணப்பம் போட்ட விஷயத்தை நான் தீபாவளி அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்போது, "அடுப்பைப் பாரு, பொங்குது" என்றதோடு சரி. இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை பேர் நடுவில், கிடைத்தே விட்ட மாதிரி சொல்வாள் என்று நான் நினைக்கவே இல்லை.

அதன் பிறகு நாள் முழுக்க என்னை ஜோதி என்றுதான் கூப்பிட்டாள். நிறைய தடவை கூப்பிடவில்லை.

ஜீப்பில் இருந்து இறங்கி நடக்கும்போது நம் தெரு முனை வந்தது. அதைத் தாண்டினால் அப்பா காதில் விழும். அம்மா நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வருவாளா?" என்று கேட்டாள்.

அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது அக்கா.

உன் தங்கை,
நாகஜோதி